புதுப்பிப்பு: திருகோணமலை - குச்சவெளி சைக்கிள் பயணம், போய் வந்திட்டம்

ஆடி மாசத்தில டவுனில இருந்து குச்சவெளிக்கு வாடகை சைக்கிளில ஒரே நாளில போய் வரலாமோ எண்டு முந்தி கேட்டிருந்தன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

விடிய அஞ்சு மணிக்கே வெளிக்கிடுங்கோ எண்டு ஒருத்தர் எழுதினவர், அதுதான் எங்களைக் காப்பாத்தினது. உப்புவெளி தாண்டேக்க இருட்டு, நிலாவெளியில வெயில் ஏறமுன்னம் புறாத்தீவு கடலுக்குள்ள தெளிவாத் தெரிஞ்சுது, ரோட்டும் குச்சவெளி வரைக்கும் மேடில்லாத கார்ப்பெட் ரோட்டுத்தான். போக கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர், நோகவே இல்லை.

எதிர்பாராதது ரெண்டு. இறக்கக்கண்டி பாலத்துக்குக் கிட்ட மச்சான்ர பின் சில்லு காத்துப் போட்டுது, ஒட்டுப் போடுற கடை ஒண்டும் திறக்கேல்லை, வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு ஐயா எழும்பி வந்து மீன் பெட்டியில தண்ணி ஊத்தி டியூப்பை அமத்தி, குமிழி வந்த இடத்தில விரலை வைச்சு "இஞ்ச பார் தம்பி, முள்ளு" எண்டார். தானே ஒட்டியும் தந்தார். காசு வேண்டவே இல்லை, தேத்தண்ணியும் தந்துதான் விட்டவர்.

மற்றது கச்சான் காத்து, இந்தக் காலத்தில தென்மேற்கில இருந்து அடிக்கிற வறண்ட காத்து. போகேக்க முதுகில தள்ளினது திரும்பேக்க முகத்துக்கு நேர, சூடா, மணலோட. போகேக்க ரெண்டரை மணித்தியாலம், வரேக்க நாலரை. இந்த மாசங்களில போறவை தண்ணியும் ஒட்டுச் சாமானும் கூடக் கொண்டு போங்கோ, திரும்புற நேரத்தை இரட்டிப்பாக் கணக்கு வையுங்கோ.