உள்ளீடற்ற கண்ணாடி மணிக்குள் நினைவுப்பொருள் வைப்பது குறித்து உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். மறைந்த என் பாட்டியின் தலைமுடியையும் அவர் வளர்த்த முல்லையின் உலர்ந்த இதழ்களையும் உள்ளே வைத்து, என் தங்கைகளுக்காக உள்ளீடற்ற கண்ணாடி மணிகள் செய்ய விரும்புகிறேன். களிமண் பூச்சிட்ட எஃகுக் கம்பியின்மேல் தீச்சுடரில் உருகிய கண்ணாடியால் இரு வட்டுகளை எழுப்பி விளிம்புகளை இணைத்ததும், உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து மணியை உருண்டையாக்கிவிடுகிறது. அந்த அழகுக்காகவே இம்முறையை விட எனக்கு மனமில்லை. முடியும் இதழும் தீயில் கருகிவிடும் என்பதால், மணியைச் சூளையில் ஏறத்தாழ 510 பாகை செல்சியசில் வைத்து மெல்ல ஆறவிட்டு, கம்பியை உருவி, பூச்சைக் கழுவி முற்றிலும் உலர்த்திய பிறகே கம்பி இருந்த துளை வழியே நிரப்ப முடியும். ஆனால் கோக்கும் நூலும் அதே துளைகள் வழியாகத்தான் செல்ல வேண்டும். நூல் செல்ல நடுவே மெல்லிய வெள்ளிக் குழாயைச் செருகி, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை இரு முனைகளிலும் எபாக்சிப் பசையால் அடைத்த அனுபவம் உள்ளவர்கள், வியர்வை படும்போது அந்தப் பிணைப்பு நிலைக்கிறதா, பசை மஞ்சளாகிறதா என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.