பணமுடை உள்ள ஆண்டில் கிறிஸ்துமஸ் பரிசு: கொடுப்பதா, நிறுத்துவதா?

மழைத்துளி:
என் கணவருக்கு ஆறு மாதமாக வேலை இல்லை. எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் ஐந்து பேர். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் எல்லோருக்கும் பரிசு வாங்குவது பல ஆண்டுப் பழக்கம். இந்த முறை கையில் இருப்பது பிள்ளைகளுக்கே போதாது. பெரியவர்களுக்கு என் கையாலேயே ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நாத்தனாரோ, "இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள் அண்ணி, உடம்பை ஏன் வருத்திக்கொள்கிறீர்கள்?" என்கிறார். எது சரி?

கணக்குப்பிள்ளை:
உங்கள் நாத்தனார் சொல்வதுதான் சரி. எட்டுப் பேர் ஆளுக்கு ஏழு பேருக்குக் கொடுத்தால் 56 பொட்டலங்கள். அவற்றில் எத்தனை அடுத்த ஆண்டு யாருடைய அலமாரியிலாவது பிரிக்கப்படாமல் கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993-இல் இதையே ஆராய்ந்து எழுதினார். பரிசு பெற்றவர்கள் அந்தப் பொருளுக்குத் தாங்களாக எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று கேட்டுக் கணக்கிட்டதில், செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று தெரிந்தது.

கையால் செய்வது மலிவு என்பதும் பாதி உண்மைதான். துணி, நூல், பசை எல்லாமே காசு. அதற்கு மேல் உங்கள் தூக்கம். வேலை இல்லாத வீட்டில் ஏற்கெனவே மனச்சுமை இருக்கும். அதோடு ஏழு பேருக்கான கைவேலையையும் ஏற்றாதீர்கள். பெரியவர்களுக்குள் பரிசு வேண்டாம் என்று நவம்பரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசிநூல்:
கணக்குப்பிள்ளை ஐயா, அதே ஆய்வில் கேட்ட கேள்வியையும் சொல்லியிருக்கலாம். அந்தப் பொருளோடு உள்ள மனப்பற்றை ஒதுக்கிவிட்டு மதிப்பிடுங்கள் என்றுதான் கேட்டார்கள். பரிசில் எது பரிசோ அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடைபோட்டால் நட்டம்தானே வரும்?

நான் கையில் காசில்லாமல் இருந்த ஆண்டில் நடந்தது இது. அம்மாவின் வேதாகமம் முதுகு பிளந்து கிடந்தது. துதிப்பாடல்கள் அடங்கிய சங்கீதப் பகுதி தனியாகக் கழன்று வரும். அதை ஒரு ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். ஓரங்களில் எல்லாம் பென்சில் எழுத்து: அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாள், நான் பிறந்த நாள், தம்பிக்கு வேலை கிடைத்த நாள். புதியது ஒன்று வாங்கித் தர அக்கா பலமுறை முயன்றும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கழன்ற பகுதிகளை நான் மறுபடி தைத்து, பழைய புடவைத் துண்டை முதுகில் ஒட்டி, அதே அட்டையில் பொருத்திக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு சங்கீதத்தைத் திறந்து இரண்டு பக்கமும் விரித்து மேசையில் வைத்தார். அது மூடாமல் படிந்து நின்றது. வெகுநேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தார். இதில் மூன்றில் ஒரு பங்கு வீணா?

கணக்குப்பிள்ளை:
இல்லை, மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒருவருக்கு, அதுவும் தையல் தெரிந்த கை. மழைத்துளி ஏழு பேருக்குச் செய்ய வேண்டும். நேரமில்லாமல் ஏழு பேருக்கும் ஒரே மாதிரி ஏதோ ஒன்றைச் செய்து முடிப்பார். அது கடையில் மொத்தமாக வாங்கியதைவிட எந்த வகையில் மேல்?

வெண்புறா:
இந்த விவாதம் கொடுப்பவர்களைப் பற்றியே ஓடுகிறது. நான் வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருந்தவள்.

கணவர் இறந்த முதல் கிறிஸ்துமஸ். எல்லோரும் அன்பாகத்தான் கொடுத்தார்கள்: வாசனை மெழுகுவர்த்தி, கையால் வரைந்த வாழ்த்து அட்டைகள், பின்னிய சால்வை இரண்டு. அன்று என் மகனின் ஷூவில் கட்டைவிரல் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தோழி மட்டும் போன் செய்து, "தம்பிக்கு இப்போது கால் அளவு என்ன?" என்று கேட்டாள். தன் மகன் போட்டு வளர்ந்துவிட்ட நல்ல காலணியைத் துடைத்து, புது நாடா கோத்துக் கொண்டுவந்தாள். அவளுக்கு நாடாவுக்கு மட்டும்தான் செலவு. ஊசிநூல், கையால் செய்தது என்பதாலேயே ஒன்று உயர்ந்துவிடாது. கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

ஊசிநூல்:
சகோதரி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டால் எல்லோரும் சொல்லிவிட மாட்டார்கள். என் அம்மாவிடம் கேட்டிருந்தால் "எனக்கு என்ன வேண்டும், ஒன்றும் வேண்டாம்" என்றுதான் சொல்லியிருப்பார். உங்கள் தோழியும் "என்ன வேண்டும்?" என்று கேட்கவில்லை. அந்தக் கட்டைவிரலை முன்பே பார்த்துவிட்டுத்தான் அளவு கேட்டிருக்கிறாள்.

விலையைப் பற்றியும் ஒரு தகவல். ஃபிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியல் ஆடம்ஸ் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். பெற்றவர்களிடம் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. மழைத்துளி விலையை நினைத்து வெட்கப்படத் தேவையே இல்லை.

இராவிளக்கு:
"ஒரு மாலை உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் யோசனையை யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வெறும் சீட்டாகக் கொடுக்காதீர்கள். என் தங்கையிடம் அப்படி நான் கொடுத்த சீட்டு இரண்டு ஆண்டு குளிர்பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறாள். மூன்றாம் ஆண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, "மாலை ஐந்து மணிக்கு வருவேன், நீயும் மாப்பிள்ளையும் வெளியே கிளம்பத் தயாராக இருங்கள்" என்று எழுதினேன். போனேன். அவர்கள் வெளியே போகவில்லை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணிநேரம் தூங்கினார்கள்.

கணக்குப்பிள்ளை:
இது நல்ல பரிசு. ஆனாலும் என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. பலர் கடன் அட்டையைத் தேய்த்துவிட்டு ஜனவரியில் விழிக்கிறார்கள். அன்பு என்ற பெயரில் அந்தப் பழக்கத்திற்கு நாம் துணைபோகக் கூடாது.

வெண்புறா:
கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கோலா பற்றிய பழைய கதையை நினைத்துப் பாருங்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மைரா நகரத்து ஆயர் அவர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒரு வீட்டில், இரவில் யாருக்கும் தெரியாமல் பொற்காசுப் பைகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பார்கள். ஊரில் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு எது இல்லையோ அதைக் கொடுத்தார், பெயரையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்பது நாமாக ஏற்படுத்திக்கொண்டது.

மழைத்துளி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குடும்பத்தினர் அனைவருக்கும் எழுதிவிட்டேன். பெரியவர்கள் எட்டுப் பேரும் பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் கொடுப்பது. 56-க்குப் பதில் எட்டு. வாங்கினாலும் சரி, செய்தாலும் சரி, பழுது பார்த்தாலும் சரி. நம் வீட்டு நிலைமையையும் மறைக்காமல் எழுதினேன். அனுப்பும்போது கை நடுங்கியது. முதலில் பதில் போட்டவர் என் மூத்தார்தான். "நானே எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன் அம்மா" என்று எழுதியிருக்கிறார். அவர் வீட்டிலும் நெருக்கடி என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

குலுக்கலில் எனக்கு வந்தது மாமியார். அவருடைய பாட்டுப் புத்தகம் ஏடு ஏடாகக் கழன்று கிடப்பதை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன். ஊசிநூல் அக்கா, எந்த நூலில் தைத்தீர்கள்?

ஊசிநூல்:
லினன் நூல். தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள், வழுக்காது, முடிச்சு இறுகி நிற்கும். தைப்பதற்கு முன் பழைய துளைகளைப் பாருங்கள், அவை நன்றாக இருந்தால் அவற்றிலேயே ஊசியை விடுங்கள். புதுத் துளை போட்டால் தாள் கிழியும். ஒட்டும் டேப்பைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், சில ஆண்டில் மஞ்சளாகித் தாளையும் கெடுத்துவிடும். முதலில் ஒரு பழைய நோட்டில் தைத்துப் பாருங்கள். முதுகில் ஒட்ட அவருடைய பழைய புடவைத் துண்டு கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.