வெபர் பி கணுக்கால் முறிவு: மாவுக்கட்டு மட்டும் போதுமா என்பதை எப்படி முடிவு செய்வது?

தாமரைக்குளம் (கேள்வி)

அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை நோய் உண்டு. குளியலறையில் வழுக்கி வலது கணுக்கால் திரும்பிவிட்டது. எக்ஸ்ரே அறிக்கையில் "வெளிப்பக்க மாலியோலஸ் முறிவு, வெபர் பி, 2 மி.மீ. விலகல்" என்று இருக்கிறது; அதாவது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு மேடு, மூட்டு மட்டத்தில் உடைந்திருக்கிறதாம். உள்பக்க எலும்பு உடையவில்லை. ஒரு டாக்டர் கட்டு போதும் என்கிறார், இன்னொருவர் அறுவை செய்து பிளேட் (உலோகத் தகடு) வைத்துவிடலாம் என்கிறார். இப்போது ஸ்லாப் (காலை முழுக்கச் சுற்றாத அரைக்கட்டு) போட்டிருக்கிறது. எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்? கட்டு என்றால் எத்தனை வாரம்?

எலும்புக்கூடு

ஃபிபுலாவில் (காலின் வெளிப்பக்கச் சிறிய எலும்பு) இருக்கும் அந்த 2 மி.மீ. இடைவெளியை மறந்துவிடுங்கள். முடிவைச் சொல்வது, கணுக்கால் மூட்டின் நடுவே உள்ள டேலஸ் எலும்பு தன் இடத்தில் இருக்கிறதா என்பதுதான். உள்பக்க டெல்டாய்டு தசைநார் தாங்கினால் டேலஸ் நகராது. அது கிழிந்திருந்தால் டேலஸ் வெளிப்பக்கம் சரியும். 1976இல் ராம்சேயும் ஹாமில்டனும் சடலங்களின் மூட்டுகளில் அளந்தபோது, டேலஸ் வெறும் 1 மி.மீ. வெளியே நகர்ந்தாலே மூட்டுப் பரப்பின் தொடர்பு 42 சதவீதம் குறைந்தது. பின்னாளில் தேய்மானம் வருவது இதனால்தான்.

பார்க்க வேண்டியது மார்ட்டிஸ் கோண எக்ஸ்ரே: காலை 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பி எடுப்பது. அதில் உள்பக்க மாலியோலஸுக்கும் டேலஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். 4 மி.மீ.க்குள், டேலஸுக்கு மேலே உள்ள இடைவெளிக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் மூட்டு நிலையானது.

ஒரு சிக்கல்: படுத்தபடி எடுத்த படம் ஏமாற்றும். உள்பக்கம் தொட்டால் வலிக்கிறது என்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது. வீக்கம் வடிந்து ஒரு வாரம் கழித்து, ஸ்லாப்பைக் கழற்றி, காலில் எடை போட்டு நிற்க வைத்து ஒரு படம் எடுப்பதே நல்ல சோதனை. அதிலும் இடைவெளி விரியவில்லை என்றால் பிளேட்டுக்குத் தேவையே இல்லை. விரிந்தால் விஷயம் வேறு.

மாவுக்கட்டு மன்னன்

அதுவரை ஸ்லாப்தான் சரி. வீங்கிய காலில் முழுக்கட்டு போட்டால் முதலில் இறுகும், வீக்கம் வடிந்ததும் லொடலொடவென்று ஆடும். இரண்டுமே ஆபத்து.

முழுக்கட்டு போடும்போது கவனிக்க: முழங்காலை மடக்கி வைத்தால்தான் கெண்டைச்சதை தளர்ந்து கணுக்கால் 90 டிகிரிக்கு வரும். பாதம் கீழ்நோக்கித் தொங்கியபடி கட்டு உலர்ந்தால், பிரித்த பிறகு குதிகால் தரையைத் தொடவே மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். குதிகால், இரு மாலியோலஸ் மேடுகள் எல்லாம் கூடுதல் பஞ்சு கேட்கும் இடங்கள். மேல் விளிம்பு ஃபிபுலா கழுத்துக்கு (முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம்) இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும். அங்கே நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது, அழுந்தினால் பாதம் தூக்க முடியாமல் போகும். சுடுதண்ணீரில் நனைத்தால் மாவு சீக்கிரம் இறுகும், ஆனால் இறுகும்போது வரும் வெப்பத்தோடு சேர்ந்து தோலைச் சுட்டுவிடும். சாதா தண்ணீர் போதும்.

வீட்டில்: முதல் சில நாள் படுத்தபடி காலைத் தலையணைகள் மேல் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூல் மேல் வைப்பது அந்த உயரம் ஆகாது. மாவு முழுதாக உலர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் ஊன்றக் கூடாது. விரல் நீலம் பாய்ந்தால், மரத்தால், விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போதே தாங்க முடியாமல் வலித்தால் காலைவரை காத்திருக்காமல் ஓடுங்கள். அங்கே மாவை மட்டும் வெட்டினால் பத்தாது, உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். அழுத்தம் அப்போதுதான் இறங்கும்.

தாமரைக்குளம்

நன்றி. நின்றபடி எடுத்த படத்தில் இடைவெளி 3 மி.மீ. அப்படியானால் கட்டுதான். 3 வாரமே போதும் என்று எங்கோ படித்தேன். அம்மாவுக்குப் பாதத்தில் அவ்வப்போது எரிச்சல் உண்டு. உறவினர்கள் புத்தூர் கட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

எலும்புக்கூடு

நீங்கள் படித்தது 2019இல் பிஎம்ஜே இதழில் வந்த பின்லாந்து ஆய்வாக இருக்கும். நிலையான வெபர் பி முறிவுக்கு 3 வாரக் கட்டோ, 3 வாரக் கணுக்கால் உறையோ, 6 வாரக் கட்டைவிட மோசமில்லை என்று ஓராண்டு முடிவில் தெரிந்தது. ஆனால் அதை உங்கள் அம்மாவுக்கு அப்படியே பொருத்த மாட்டேன். எரிச்சல் என்றால் நரம்புப் பாதிப்பு இருக்கலாம். 10 கிராம் மோனோஃபிலமெண்ட் சோதனை (நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் அசையாமல் வைக்கும் காலத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவார்கள், எடை போடுவதையும் தள்ளிப்போடுவார்கள். காரணம் சார்கோ பாதம்: வலியே பெரிதாக இல்லாமல் கால் சூடாகிச் சிவந்து வீங்கி, எலும்புகள் நொறுங்கி உருமாறும்.

புத்தூர் கட்டு பற்றி: விலகாத முறிவு எந்தக் கட்டிலும் ஒட்டும், அதனால்தான் அதற்கு அவ்வளவு பெயர். உணர்ச்சி குறைந்த காலில் கட்டு இறுகினால் அவருக்கே தெரியாது, தோல் அழுகிய பிறகுதான் தெரியும். வேண்டாம்.

ரத்தம் உறைந்த வரலாறு, புற்றுநோய், அதிக உடல் எடை, ஹார்மோன் மாத்திரை ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், உறைவைத் தடுக்கும் ஊசி தேவைப்படலாம். கெண்டைச்சதை வலியோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் அவசரப் பிரிவு.

பிசியோ தெற்கு

கட்டு பிரித்த பின் எக்ஸ்ரேயில் கோடு இன்னும் தெரிகிறதே என்று பதற வேண்டாம். ஃபிபுலாவில் அது மாதக்கணக்கில் தெரியும், தொட்டால் வலியில்லை என்பதே முக்கியம். சாயங்கால வீக்கமும் சில மாதம் இருக்கும்.

முதலில் பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, பிறகு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பது, பிறகு ரப்பர் பட்டை, கடைசியாக ஒற்றைக் காலில் நிற்பது. ஊன்றுகோல் இடது கையில், அதாவது நல்ல கால் பக்கம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

இந்தியக் கழிப்பறையில் குந்துவதற்கு கணுக்கால் மிக அதிகமாக மடங்க வேண்டும், அது கடைசியாகத்தான் திரும்பும். இப்போதே நாற்காலிக் கழிப்பறையும் பக்கவாட்டில் ஒரு கைப்பிடியும் ஏற்பாடு செய்துவிடுங்கள், விழுந்த இடமும் அதுதானே.