ஆழத்தில் மட்டும் மூடாத மூன்றாவது வலை: உதவி தேவை

நாகப்பட்டினம் கடலில் நீரோட்டத்தில் மிதக்கும் சிறு விலங்குகளை (விலங்கு மிதவையுயிரிகள்) சேகரிக்க, ஐந்து வலை கொண்ட தானியங்கிக் கருவி வைத்திருக்கிறோம். கண்ணி 200 மைக்ரான். குறித்த ஆழம் வந்ததும் மோட்டார் ஒவ்வொரு வலையாக மூட வேண்டும். பத்து நாளாக, 15 மீட்டருக்குக் கீழே மூன்றாவது வலை மட்டும் மூடுவதில்லை. படகில் வைத்துச் சோதித்தால் ஐந்துமே சரியாக மூடுகின்றன!

பேட்டரி புதிது. நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) மாற்றியாயிற்று, நன்னீரில் கழுவி கிரீஸும் போட்டோம். ஆழம் காட்டும் உணரியும் சரி. இரவில் கோப்பிபாடுகள் (இறால் இனத்தைச் சார்ந்த நுண்ணிய மிதவையுயிரிகள்) மேலே ஏறி வருவதைக் கணக்கெடுப்பதுதான் எங்கள் வேலையே. மேல்நீரும் அடிநீரும் ஒரே வலையில் கலந்தால் அந்த மாதிரி வீண். அப்புறம், கொள்ளிடம் முகத்துவாரத்துச் சேற்றுநீரில் இழுத்த பிறகுதான் இது தொடங்கியது.

முதலில் எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும், மோட்டார் அச்சில் நீர் புகாமல் தடுக்கும் அடைப்பையா (சீல்), மூன்றாவது வலையின் கொக்கியையா?