காய்ச்சல் வார்டில் பாடம் எடுத்த டாக்டர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

எங்கள் யூனிட் சீஃப்பிடமிருந்தே தொடங்குகிறேன். வட மாவட்டம் ஒன்றில் பொது மருத்துவம் பிஜி (மேற்படிப்பு) படித்த காலம், ஐப்பசி பிறந்துவிட்டால் வார்டு முழுக்கக் காய்ச்சல்தான். வயல் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, ஒரு வாரத்துக்கும் மேல் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். முன்பு பார்த்த இடத்தில் டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனையான விடால் டெஸ்ட்டை மட்டும் நம்பி டைபாய்டு என்று சொல்லி செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தார்கள்; காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வேறு வாங்க ஆரம்பித்திருந்தது. எங்கள் சீஃப் சார் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கவே இல்லை. "புல்லு அறுக்கப் போவீங்களாம்மா? ஆடு மாடு இருக்கா?" என்று பேச்சுக் கொடுத்தார். அப்புறம் அவரிடம் கேட்டுக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, சிஸ்டரைக் கூப்பிட்டு அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என ஒவ்வோர் இடமாகப் பார்க்கச் சொன்னார்.

மார்புக்கு அடியில்தான் இருந்தது. சிகரெட்டால் சுட்டது போல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது, அதனால்தான் அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ். புதரில் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்துப் பரப்பும் காய்ச்சல்; அது கடித்த இடம்தான் அந்தப் பொருக்கு. அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே வாழ்வதால் செஃப்ட்ரியாக்சோன் அதை ஒன்றும் செய்யாது. டாக்சிசைக்ளின் ஆரம்பித்தோம், ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

சார் அன்றைக்கு லெக்சர் எதுவும் எடுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஒவ்வொரு காய்ச்சல் கேஸிலும் "எங்கெங்க பார்த்தே?" என்று மட்டும்தான் கேட்டார். பார்க்காதவர் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், அதுவரை ரவுண்ட்ஸ் நகராது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் என்ற மருத்துவ இதழில் வந்ததே, தீவிர ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்து ஐவியில் (ரத்த நாளம் வழியாக) கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று (இறப்பு, நீடிக்கும் சிக்கல், விடாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் 33%, ஒற்றை மருந்தில் 47, 48%), அதை இப்போது என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் முதலில் பொருக்கைத் தேடச் சொல்லிவிட்டுத்தான்.

*

நான் லேப் டெக்னீஷியன். எங்கள் மைக்ரோபயாலஜி மேடம் ஹவுஸ் சர்ஜன்களை (பயிற்சி டாக்டர்களை) லேபுக்கே வரவழைத்துவிடுவார். பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே, ரெண்டு இடத்திலிருந்து, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். இதை எத்தனை பேட்ச் வந்தாலும் சலிக்காமல் சொல்வார். குறைவாக எடுத்து வந்தால் திட்ட மாட்டார், கிருமி வளராத பாட்டிலைக் கையில் கொடுத்து "இந்த நோயாளிக்கு இப்ப என்ன மருந்து எழுதுவீங்க?" என்பார்.

அவர் அடிக்கடி எடுத்துச் சொல்வது மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன் கதையைத்தான். 1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் தன் மாணவி நிர்மலாவுக்கு எச்ஐவி ஆய்வைத் தலைப்பாகக் கொடுத்தவர். இங்கே அது இருக்காது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். நிர்மலா ரத்த மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் பத்திரப்படுத்தி, ராத்திரி ரயிலில் காட்பாடிக்கு எடுத்துப் போய், 1986-இல் வேலூரில் சோதித்ததில்தான் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் தெரிய வந்தன. ஒரு பிஜி மாணவியின் தீசிஸ்! அதோடு விட்டுவிடாமல் 1993-இல் ஒய்ஆர்ஜி கேர் என்ற எச்ஐவி சிகிச்சை மையத்தைத் தொடங்கி, தொட்டுப் பார்க்கவே பலர் தயங்கிய நோயாளிகளைக் கடைசி வரை பார்த்தார் சுனிதி. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

*

நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று அலைந்தபோது ஒரு தொற்றுநோய் டாக்டரைப் பார்த்தோம். பையில் இருந்த மாத்திரைகளை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார். மூன்று வகை ஆன்டிபயாடிக் இருந்தது. வைரஸ் காய்ச்சல், இதில் ஒன்றும் வேண்டாம் என்று மூன்றையும் நிறுத்திவிட்டார். பக்கத்தில் நின்ற மாணவர்களிடம், நிறுத்தியதற்கான காரணத்தை அப்பாவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்லச் சொன்னார். ஒரு பெண் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள், அப்பா ரெண்டு கேள்வி கேட்டார், அதற்கும் சொன்னாள். அதுவரை எந்த மருந்தையும் ஏன் தருகிறோம் என்று யாரும் எங்களிடம் சொன்னதே கிடையாது.