வரிக்குறைப்பு நிரந்தரம்: ஹெச்-4 குழந்தைகளோடு அமெரிக்கா வந்தவர்களுக்கு

புதிதாக வந்தவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. "வரிக்குறைப்பை நிரந்தரமாக்கிட்டாங்களாமே, நமக்கு எவ்வளவு மிச்சம்?" மிச்சம் உண்டு. ஆனால் பிள்ளைகளை ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது) கூட்டி வந்திருந்தால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இருக்காது, ஏனென்றால் குறைப்போடு சேர்த்து நமக்குப் பாதகமான ஒரு விதியும் நிரந்தரமாகிவிட்டது.

2017 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தில் கம்பெனி வரி 35 சதவீதத்திலிருந்து 21 ஆனது, அதற்குக் காலக்கெடு கிடையாது. தனிநபர் வரிக்குறைப்பில் பெரும்பகுதி மட்டும் 2025 முடிவோடு காலாவதி ஆக வேண்டியது. செனட்டில் 60 ஓட்டு இல்லாமல் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றும் பட்ஜெட் மசோதா, பத்து வருடத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டக்கூடாது என்பது விதி, அதனால்தான் அந்தக் காலக்கெடு. 2025-ல் குடியரசுக் கட்சியினர், இருக்கிற வரியைத் தொடர்வது செலவே இல்லை என்று கணக்குப் போடும் முறையையே மாற்றி அந்த விதியைத் தாண்டி, குறைப்பை நிரந்தரமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். செனட்டில் 50-50 ஆகி, துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போட்டுத்தான் நிறைவேறியது. மசோதா மொத்தமும் பத்து வருடத்தில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே மதிப்பிட்டது. அப்புறம் செலவே இல்லை என்பதை எப்படி ஏற்பது?

சரி, நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2017-ல் கணவன் மனைவிக்கு நிலையான கழிவு, அதாவது வருமானத்தில் வரி போடாமல் விடும் தொகை, 12,700 டாலர், அதோடு தலைக்கு 4,050. நாலு பேர் குடும்பத்துக்கு மொத்தம் 28,900. தலைக்கழிவை எடுத்துவிட்டார்கள், 2025-க்கு நிலையான கழிவு மட்டும் 31,500. வரி விகிதம் குறைந்தது உண்மைதான், ஆனால் "கழிவு இரண்டு மடங்கு" என்ற பேச்சில் பெரும்பகுதி இப்படிக் கரைந்துபோகிறது.

தலைக்கழிவுக்கு ஈடாக, கட்டவேண்டிய வரியிலேயே குறைக்கும் குழந்தைக்கான சலுகையை 1,000-லிருந்து 2,000 ஆக்கினார்கள், இப்போது 2,200. ஆனால் 2018 முதல் குழந்தைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால்தான் அது கிடைக்கும். ஹெச்-4 குழந்தைக்குப் பொதுவாக அந்த எண் தரமாட்டார்கள், அதற்குப் பதில் வரித்துறை தரும் ஐடின் (ITIN) என்ற வரி எண்தான். அந்த வருடம் எங்களுக்கு வரி தாக்கல் செய்தவர் பழைய பழக்கத்தில் என் மகளுக்கும் 2,000 எழுதிவிட்டார். சில மாதம் கழித்து வரித்துறையிலிருந்து கடிதம் வந்தது, திருப்பிக் கட்டு என்று. அதைச் சமையல் மேடைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அவள் பெயருக்கு நேரே இருந்த தொகையை நானும் மனைவியும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. 2025 முடிந்தால் இந்த விதியும் போய்விடும் என்று காத்திருந்தோம். போகவில்லை.

ஹெச்-4 குழந்தைக்குக் கிடைப்பது 500 டாலர், இதர சார்ந்தோர் சலுகை. முதல் முறை தாக்கல் செய்யும்போதே டபிள்யூ-7 என்ற ஐடின் விண்ணப்பப் படிவத்தையும் சேர்த்து அனுப்பி ஐடின் வாங்குங்கள். அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பாமல், அதைச் சரிபார்த்துச் சான்று தர அங்கீகாரம் உள்ள முகவரிடம் போங்கள், திடீரென்று ஊருக்குப் போக நேர்ந்தால் பாஸ்போர்ட் கையில் இருக்கும். இங்கே பிறந்த குழந்தை என்றால் முழு 2,200-ம் கேட்கலாம், வருமான வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையில் சேரும்போது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று கம்பெனிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்திலும் ஹெச்-4 பிள்ளையை 500 டாலர் வரிசையில் போடுங்கள். 2,200 வரிசையில் போட்டால் சம்பளத்தில் பிடித்தம் குறையும், ஏப்ரலில் வரி தாக்கல் செய்யும்போது அந்த வித்தியாசத்தை மொத்தமாகக் கட்ட வேண்டிவரும்.