24 வோல்ட் மோட்டார்: திசை மாற்றும்போது மட்டும் மாஸ்ஃபெட் வெடிக்கிறது, ஏன்?

சுமைவண்டி (கேள்வி)

வணக்கம். பழைய சக்கர நாற்காலியிலிருந்து கழற்றிய 24 வோல்ட், 250 வாட் மோட்டாரை வைத்து ஒரு சுமை வண்டி செய்கிறேன். அப்பா நாற்பது வருடமாக மூட்டை தள்ளியவர். இப்போது முதுகு இடம் கொடுப்பதில்லை. கைப்பிடியில் இருக்கும் குமிழை ஒரு பக்கம் திருப்பினால் வண்டி முன்னே போக வேண்டும், மறுபக்கம் திருப்பினால் பின்னே வர வேண்டும். அவ்வளவுதான் தேவை.

முதலில் எல்298 மோட்டார் டிரைவர் போர்டில் ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் சும்மா சுற்றும்வரை சரியாக இருந்தது, வண்டியில் பூட்டியதும் ஐந்து நிமிடத்தில் புகை வந்தது. அது ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர் தாங்கும் ஐசி என்பதை அப்புறம்தான் படித்தேன். பிறகு நானே ஹெச் பிரிட்ஜ் (மோட்டாரை இரு திசையிலும் ஓட்டும் நான்கு சுவிட்ச் சுற்று) கட்டினேன். சுவிட்சாக நான்கு ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட், அவற்றைத் திறந்து மூட இரண்டு ஐஆர்2104 டிரைவர் ஐசி, டிரைவருக்கு 12 வோல்ட், பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட். மூளை ஆர்டுயினோ ஊனோ. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடரில் கட்டி, ஒரு மீட்டர் கம்பியில் போர்டுக்குக் கொண்டுவருகிறேன். போர்டில் 470 மைக்ரோஃபாரட் ஒன்று இருக்கிறது.

மேசையில் மணிக்கணக்கில் ஓடுகிறது. 80 கிலோ ஏற்றி முன்னே ஓட்டினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழை மறுபக்கம் திருப்பினால் மட்டும் டப்பென்று ஒரு சத்தம், ஒரு பக்கத்து மாஸ்ஃபெட் இரண்டும் போய்விடும். இதுவரை ஆறு போய்விட்டன. ஒரே பக்கத்து மேல், கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்து (மின்சாரத்தை விட்டு) ஷார்ட் ஆகிறது என்று நினைத்து, திசை மாறும் இடத்தில் பிடபிள்யூஎம்மை (வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பு) 0 ஆக்கி, 50 மில்லிசெகண்ட் காத்திருந்து, பிறகு எதிர்த்திசை கொடுக்கும்படி மாற்றினேன். அப்படியும் போனது.

இன்னொரு சந்தேகம். குமிழை முழுவதும் திருப்பி பிடபிள்யூஎம்மை முழு அளவான 255-ல் வைத்தால் மேல் மாஸ்ஃபெட்டில் கை வைக்க முடியவில்லை. 240-ல் வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஏன் இப்படி?

டேட்டாஷீட்டில் 110 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. என் மோட்டார் ஓடும்போது 14 ஆம்பியர்தான் எடுக்கிறது. இதைவிடப் பெரிய மாஸ்ஃபெட் போட்டால் தீருமா?

நீலக்கம்பி

நண்பரே, இவ்வளவு சிரமம் எதற்கு? பிடிஎஸ்7960 இரண்டு வைத்த ரெடிமேட் போர்டு கிடைக்கிறது. 43 ஆம்பியர். மேல் பக்கம் பி சேனல் மாஸ்ஃபெட் என்பதால் 100 சதவீத ட்யூட்டியும் (இடைவெளியே இல்லாமல் முழு நேரமும் திறந்திருப்பது) போகும், அதிகச் சூடு, அதிக மின்னோட்டம் இரண்டுக்கும் உள்ளேயே பாதுகாப்பு உண்டு. மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

பழைய ஆர்மேச்சர்

தம்பி, பெரிய மாஸ்ஃபெட் போட்டால் தீராது. கொஞ்சம் தாமதமாக வெடிக்கும், அவ்வளவுதான். உங்கள் விவரங்களை இரண்டு முறை படித்தேன். ஷார்ட் ஆவதாக நீங்கள் நினைக்கும் இடத்தில் கோளாறு இல்லை. ஐஆர்2104 தானாகவே 520 நானோசெகண்ட் இடைவெளி விட்டுத்தான் மேலையும் கீழையும் மாற்றும்.

முதலில் மோட்டாரை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்ப வேண்டாம், இவ்வளவு சிறிய தடைக்கு மீட்டரின் கம்பியே பாதியைச் சாப்பிட்டுவிடும். தண்டு சுற்றாதபடி இறுக்கிப் பிடித்து, மோட்டார் வழியாக 5 ஆம்பியர் அனுப்பி, அதன் முனைகளிலேயே வோல்டேஜைப் பாருங்கள். தண்டை நாலைந்து இடத்தில் நிறுத்தி எடுத்தால் நல்லது, பிரஷ் நிற்கும் இடத்தைப் பொறுத்து அளவு கொஞ்சம் மாறும். இந்த அளவு மோட்டாருக்கு 0.3 ஓம் பக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

இப்போது கணக்கு. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு 24 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் 24ஐ 0.3-ஆல் வகுக்க, 80 ஆம்பியர். ஓடும்போது 14 ஆம்பியராகக் குறைவதற்குக் காரணம், சுற்றும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டராகி 20 வோல்ட் அளவுக்கு எதிர்த்து நிற்பதுதான். பேட்டரிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. திசையைத் திடீரென மாற்றினால் அந்த 20 வோல்ட் எதிரணியிலிருந்து உங்கள் அணிக்கு வந்துவிடும். 24 கூட்டல் 20, 44 வோல்ட். வகுத்தால் கிட்டத்தட்ட 147 ஆம்பியர். பேட்டரியும் கம்பியும் கொஞ்சம் தடுக்கும், ஆனாலும் 100-க்குக் கீழே வராது. டேட்டாஷீட்டின் 110 ஆம்பியர், உறையை 25 டிகிரியில் வைத்திருந்தால் சிலிக்கான் தாங்கும் அளவு. அந்த உறையின் கால்களுக்கு 75-தான் எல்லை என்று அதே பக்கத்தில் அடிக்குறிப்பு இருக்கும், பாருங்கள்.

அந்த 50 மில்லிசெகண்ட் ஏன் காப்பாற்றவில்லை என்பதுதான் முக்கியம். ஐஆர்2104-க்கு பிடபிள்யூஎம் 0 கொடுத்தால் மோட்டார் விடுபடுவதில்லை. இரண்டு பக்கமும் கீழ் மாஸ்ஃபெட் திறந்து, மோட்டாரின் இரண்டு முனைகளும் தரையில் சேர்ந்துவிடுகின்றன. 20 வோல்ட் ஜெனரேட்டரை ஷார்ட் செய்வதற்குச் சமம் அது, 60 ஆம்பியருக்கு மேல் போகும். 80 கிலோ ஏற்றிய வண்டி 50 மில்லிசெகண்டில் நிற்காது. ஒரு அடி விழுந்த சூட்டோடு அடுத்த அடியும் விழுகிறது.

அதனால் திசை மாற்றுவதை நேரத்தால் முடிவு செய்யாதீர்கள், மோட்டாரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வேகத்தை ஒன்றிரண்டு விநாடியில் மெதுவாக இறக்குங்கள். பிறகு இரண்டு ஐஆர்2104-இன் எஸ்டி காலையும் (ஐசியை நிறுத்தும் கால்) தாழ்த்துங்கள், நான்கு மாஸ்ஃபெட்டும் மூடி மோட்டார் உண்மையிலேயே தனியாக விடுபடும். மோட்டாரின் இரண்டு முனைகளிலிருந்தும் 47 கிலோ ஓம், 10 கிலோ ஓம் தடைகளால் பிரித்து ஏடிசிக்குக் (ஊனோ வோல்டேஜை எண்ணாகப் படிக்கும் இடம்) கொண்டுவந்தால், 24 வோல்ட் 4.2 வோல்ட்டாக வந்து சேரும். இரண்டின் வித்தியாசத்தைப் படியுங்கள். 1 வோல்ட்டுக்குக் கீழே போன பிறகுதான் எதிர்த்திசையைத் தொட வேண்டும், அதையும் 0-விலிருந்து ஏற்ற வேண்டும். வேகம் அளக்க வேறு சென்சாரே வேண்டாம்.

255-ல் சூடாவது வேறு கதை. மேல் மாஸ்ஃபெட்டின் கேட்டை (அதைக் கட்டுப்படுத்தும் கால்) திறந்து வைத்திருப்பது பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரில் இருக்கும் சேமிப்பு. கீழ் மாஸ்ஃபெட் திறக்கும் நேரத்தில்தான் அது மறுபடி நிரம்பும். 255 என்றால் கீழ் மாஸ்ஃபெட் திறப்பதே இல்லை. சேமிப்பு கரைந்து, மேல் மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து, ஹீட்டராகிவிடுகிறது. மேல் எல்லையை 95 சதவீதத்தில் நிறுத்துங்கள். 0.1 மைக்ரோஃபாரடும் போதாது. ஐஆர்எஃப்3205-இன் கேட் 146 நானோகூலம் வரை கேட்கும், ஒரு தடவை திறந்தாலே அந்தக் கெப்பாசிட்டரில் ஒன்றரை வோல்ட் இறங்கிவிடும். 1 மைக்ரோஃபாரட் செராமிக் போடுங்கள்.

அப்புறம் அந்த ஒரு மீட்டர் கம்பி. ஒரு மீட்டருக்குத் தோராயமாக 1 மைக்ரோஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஆம்பியரை 0.2 மைக்ரோசெகண்டில் வெட்டினால் 200 வோல்ட் எழும்பப் பார்க்கும். உங்கள் மாஸ்ஃபெட் தாங்குவது 55. மாஸ்ஃபெட்டின் கால்களை ஒட்டியே 63 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் குறைந்த இஎஸ்ஆர் (உள்தடை) கெப்பாசிட்டர் மூன்றும், கூடவே 1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் வையுங்கள். போக வர இரண்டு கம்பியையும் முறுக்கி ஒன்றாகக் கொண்டுவாருங்கள்.

நீலக்கம்பி சொன்ன போர்டு நல்லதுதான், ஆனால் 43 என்பது அந்த ஐசி தன்னைத்தானே வெட்டிக்கொள்ளத் தொடங்கும் எல்லை. தொடர்ந்து ஓட்டும் அளவு அல்ல. சிறிய ஹீட்சிங்க்கோடு வரும் அந்தப் போர்டில் நான் 15 ஆம்பியருக்கு மேல் நீண்ட நேரம் ஓட்ட மாட்டேன். ஏற்றத்தில் மூட்டையோடு நிற்கிற வண்டிக்கு அது பற்றாது.

மாலைநேரப்பட்டறை

ஆர்மேச்சர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. வேகத்தை மெதுவாக இறக்கினாலும், மோட்டார் ஓடும் வேகத்துக்குக் கீழே ட்யூட்டி போனால் மின்னோட்டம் திரும்பிப் பேட்டரிக்கு வரும். பேட்டரி இருந்தால் அது வாங்கிக்கொள்ளும். நான் இதே மாதிரி பிரிட்ஜை மேசையில் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸில் (வீட்டு மின்சாரத்தில் ஓடும் பவர் சப்ளை) வைத்துச் சோதித்தேன், மோட்டாரில் ஒரு கனமான சக்கரம் இருந்தது. வேகத்தைக் குறைத்ததும் சப்ளை முனையில் மீட்டர் 24, 31, 38 என்று ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். கையை எடுப்பதற்குள் ஒரு கெப்பாசிட்டர் உப்பிவிட்டது. எஸ்எம்பிஎஸ் கொடுக்கத்தான் செய்யும், திரும்ப வாங்காது. பேட்டரிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் டயோடு எதுவும் போட்டுவிடாதீர்கள், அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.

சுமைவண்டி

மோட்டாரை அளந்தேன். 5 ஆம்பியருக்கு 1.4 வோல்ட், அதாவது 0.28 ஓம். அப்படியென்றால் நான் எவ்வளவு மோசமாக அதை அடித்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

இரண்டு கேள்வி. ஊனோவில் இயல்பாக வரும் 490 ஹெர்ட்ஸ் போதுமா? இன்னொன்று, ரீசெட் அழுத்தும்போதும் புரோகிராம் ஏற்றும்போதும் வண்டி ஒரு அடி குதிக்கிறது. அப்பா அருகில் நிற்கும்போது இது நடந்துவிடக் கூடாது.

பழைய ஆர்மேச்சர்

490-ல் மோட்டார் ஊளையிடும், ஒவ்வொரு துடிப்புக்கும் மின்னோட்டம் ஏறி இறங்கி வீணாகச் சூடாகும். டைமர் 1-ஐ ஃபேஸ் கரெக்ட் முறையில் வைத்து உச்ச எண்ணை 400 ஆக்குங்கள். 16 மெகாஹெர்ட்ஸை 800-ஆல் வகுக்க 20 கிலோஹெர்ட்ஸ். பின் 9, 10 இரண்டும் அந்த டைமருடையவைதான், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. அதற்கு மேலே போகாதீர்கள். ஐஆர்2104 கொடுக்கும் 200 மில்லி ஆம்பியரில் அந்தக் கேட் நிரம்பவே முக்கால் மைக்ரோசெகண்ட் ஆகும்.

குதிப்பதற்குக் காரணம், ரீசெட் நேரத்தில் ஊனோவின் கால்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதப்பது. இரண்டு எஸ்டி கால்களிலிருந்தும் தரைக்கு 10 கிலோ ஓம் போடுங்கள். புரோகிராம் எழுந்து, எல்லாம் சரிபார்த்து, குமிழ் நடுவில் இருக்கிறதா என்றும் பார்த்த பிறகே எஸ்டியை உயர்த்த வேண்டும். குமிழின் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். ஏடிசி எண் 20-க்குக் கீழே அல்லது 1003-க்கு மேலே போனால் அறுந்ததாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

மின்னோட்டத்துக்கு ஏசிஎஸ்758 வகையில் 50 ஆம்பியர், இரு திசை சென்சார் ஒன்று போடுங்கள். 2.5 வோல்ட் நடுப்புள்ளி, ஒரு ஆம்பியருக்கு 40 மில்லிவோல்ட். 30-ஐத் தாண்டினால் ட்யூட்டியைக் குறைக்கச் சொல்லுங்கள். பேட்டரி முனையிலேயே ஒரு ஃபியூஸ், கைப்பிடியில் அப்பாவின் கட்டைவிரல் எட்டும் இடத்தில் சிவப்புப் பொத்தான். அந்தப் பொத்தான் ஊனோவிடம் சொல்லக் கூடாது, எஸ்டி கோட்டை நேரடியாகத் தரையில் சேர்க்க வேண்டும். நடுவில் 1 கிலோ ஓம் வைத்துவிட்டால் ஊனோவின் காலும் பிழைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 5 வோல்ட்டுக்கு 5 மில்லி ஆம்பியர்தான்.

சுமைவண்டி

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லாவற்றையும் செய்து முடித்தேன். கெப்பாசிட்டர்களை மாஸ்ஃபெட்டின் கால்களிலேயே தடித்த செம்புக் கம்பி வைத்துச் சாலிடர் செய்தேன். 80 கிலோவோடு முழு வேகத்தில் குமிழைச் சட்டென்று மறுபக்கம் திருப்பினேன், நெஞ்சு படபடத்தது. வண்டி மெதுவாகி, நின்று, ஒரு கணம் அமைதியாக இருந்து, பின்னே கிளம்பியது. சென்சாரில் நான் பார்த்த உச்சம் 26 ஆம்பியர். மேல் மாஸ்ஃபெட்டில் விரலை வைத்துக்கொண்டே இருக்க முடிகிறது.

முழு வேகத்திலிருந்து எதிர்த்திசை தொடங்க இரண்டரை விநாடி ஆகிறது. அப்பாவுக்கு அது நீளமாகத் தெரிகிறதாம். அடுத்த வாரம் இறங்கும் வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி, சென்சாரைப் பார்த்துக்கொண்டே சோதிக்கப் போகிறேன்.